கப்பியும் வடமும்: போட்ஸ்மத் துறையிலே

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போட்ஸ்மத் பட்டினத்தை இலண்டனிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அடைந்துவிடலாம். அங்குள்ள கடற்படைத் தளத்தில், 1922ஆம் ஆண்டு முதல் உலர்துறையில் நிறுத்தப்பட்டிருக்கிறது 'விக்டரி' என்னும் போர்க்கப்பல். 1765இல் நீரில் இறக்கப்பட்ட இம்மரக்கலத்திலேதான் 1805இல் திரபல்கார்ப் போரில் நெல்சன் பிரபு வெற்றியும் மரணமும் ஒருங்கே எய்தினார். அவர் வீழ்ந்த இடத்தை ஒரு தகடு குறிக்கிறது. வருவோர் யாவரும் அதனருகே சற்று நின்று செல்கின்றனர். நாமும் நின்றோம். ஆயினும், நம் கருத்தைப் பெரிதும் ஈர்த்தவை அத்தகடோ பீரங்கிகளோ அல்ல. அக்கப்பலிற் பாரம் தூக்குவதற்கு அமைந்த சாதனங்களே.

நூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிகளும் எண்ணூற்றுக்கு மேற்பட்ட மாந்தரும் கொண்ட கலம் அது. நீராவியும் இல்லை, மின்சாரமும் இல்லை. நங்கூரம், பாய்கள், அவற்றைத் தாங்கும் குறுக்குமரங்கள், படகுகள், குடிநீர்ப் பீப்பாய்கள் ஆகிய அனைத்தும் மனிதர் தோள்வலிமையாலேயே மேலெழ வேண்டும்.

தாழ்ந்த கூரையின் கீழ்த் தலைகுனிந்து சென்றால், தளத்தின் நடுவே தடித்த மர உருளை ஒன்று செங்குத்தாக நிற்கக் காணலாம். அதனைக் 'கப்ஸ்டன்' என்பர். அதே அச்சு மேலுள்ள தளத்துக்கும் ஊடுருவிச் செல்வதால், இரு தளங்களில் நிற்போரும் ஒருங்கே சுழற்றலாம். உருளையின் தலையிலுள்ள துளைகளில் நீண்ட மரத்தண்டுகளைச் செருகி, தண்டுக்குப் பலராக நின்று, மார்பால் உந்தி வட்டமாக நடப்பர். உருளையின் ஆரம் ஓரடி, ஆள் நிற்கும் தூரம் ஆறடி எனக் கொண்டால், உராய்வு நீங்க, ஒருவனுடைய பலம் ஆறு மடங்காகிறது. பௌதிகம் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணர்வர்.

பெரிய நங்கூரம் ஒன்றின் நிறை 4 தொன்னுக்கு மேல். அதனைப் பிணைத்த சணல்வடத்தின் சுற்றளவு 24 அங்குலம். இத்துணைப் பருமனான வடத்தை உருளையிற் சுற்றுதல் அரிது. ஆகவே ஓர் உபாயம் கண்டனர். சற்று மெல்லிய வடமொன்றின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கி, அதனை உருளையிலே சுற்றினர். அவ்வளையம் கப்பலின் முன்புறம் வரை சென்று மீண்டது. நங்கூரவடம் கப்பலினுள் நுழையும் இடத்தில் இரண்டையும் சிறு கயிறுகளாற் பிணைத்தனர். வளையம் நகர, பெருவடமும் உடன் நகர்ந்தது. உருளையை அணுகியதும் பிணைப்பை அவிழ்த்து, சேறும் நீரும் சொட்டும் பெருவடத்தைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினர். அவிழ்த்த கயிறுகளுடன் மீண்டும் முன்புறம் ஓடுவது சிறுவர்களின் வேலை. ஆம், நம் வீடுகளிற் பள்ளிக்கூடம் செல்லும் வயதினரான சிறுவர்கள்!

சுழலும் உருளை பின்னோக்கித் திரும்பாதவாறு தடுப்பதற்கு அதன் அடியிலே தடைக்கட்டைகள் உண்டு. அவை பிடி தவறினால், நங்கூரத்தின் பாரம் உருளையை எதிர்த்திசையிற் சுழற்றும். தண்டுகள் ஆட்களை அடித்து வீழ்த்தும். நம் ஊர்களில் தேர்வடம் பிடிப்போர் அரோகரா என முழங்கி இழுப்பர். ஆங்கிலக் கடற்படையிலோ உந்துவோர் பாடுதல் வழக்கமன்று. பிடிலோ குழலோ இசைக்க, அதன் தாளத்துக்கு அடி வைத்தனர்.

இனிக் கப்பிகளைப் பார்ப்போம். கிணற்றடிக் கப்பி நாம் இழுக்கும் திசையை மாற்றுமேயன்றிச் சுமையைக் குறைப்பதில்லை. பாரத்தோடு சேர்ந்து எழும் கப்பி ஒன்றைப் பூட்டினாலோ, ஏறக்குறையப் பாதிப் பலமே போதும். ஆனால் ஓரடி உயர்த்த ஈரடிக் கயிறு இழுத்தல் வேண்டும். இவ்வாறு பூட்டிய கப்பிகள் ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு ஆயிரமளவில் தேவைப்பட்டன. ஆங்கிலக் கடற்படை முழுவதற்கும் ஆண்டுக்கு 100,000 வரை வேண்டியிருந்தது. எல்ம் மரத்தாற் கூடும், மிகக் கடினமான லிக்னம் வைட்டே மரத்தால் உள்ளுருளையும் செய்தனர்.

அவற்றை வார்ப்படம் போல் ஒரே அளவிற் செய்து குவித்த ஆலை இத்தளத்திலேயே இருக்கிறது. சாமுவேல் பெந்தம் என்னும் அதிகாரியின் ஆதரவில், பிரான்சியரான மார்க் பிருனெல் இயந்திரங்களைத் திட்டமிட்டார். ஹென்றி மோட்ஸ்லி அவற்றை உலோகத்திற் சமைத்தார். நீராவி அவற்றை இயக்கிற்று. 1808ஆம் ஆண்டில் அவ்வாலை தந்த கப்பிகள் 130,000. ஒரே வகைப் பொருளைத் தனித்தனி வேலைக்கென அமைந்த உலோக இயந்திரங்களின் வரிசையாற் பெருந்தொகையாகச் செய்வதற்கு உலகிலே வழிகாட்டியவற்றுள் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் பாலங்களாலும் இரும்புக் கப்பல்களாலும் புகழ்பெற்ற இசம்பாட் பிருனெல், இப்பணி நடந்த காலத்தில், 1806இல் இவ்வூரிற் பிறந்த மார்க்கின் மைந்தரே.

முன்னர்த் தேர்ந்த தச்சர் 110 பேர் செய்த வேலையை, பயிற்சியில்லாத 10 பேர் செய்து முடித்தனர். நூல்கள் இதனைப் பெருமையுடன் எழுதுகின்றன. எஞ்சிய நூற்றுவரின் உளிகளும், அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கக்கூடிய கைத்திறனும் என்னவாயின என்பதில் அந்நூல்கள் அத்துணைக் கருத்துச் செலுத்தவில்லை. வேலை இலகுவாயிற்று என்பதில் நமக்கு ஐயமில்லை. யாருக்கு இலகுவாயிற்று என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

அவ்வியந்திரங்களுட் சில இருபதாம் நூற்றாண்டிலும் உழைத்தன. இப்பொழுது சிலவற்றை இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிற் காணலாம். செங்கல்லாலான ஆலைக் கட்டடம் மட்டும் தளத்தில் நிற்கிறது. 2021இல் 'விக்டரி'யின் நடுப்பாய்மரத்தைச் செப்பனிடக் கழற்றியபோது, அதனைத் தூக்கியது கரையில் நின்ற பாரந்தூக்கிப் பொறி.