சிரித்துக்கொண்டே உழுதவர்

(ஒரு பழைய மாணவி)

நான் இப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஆண்டில் என் தந்தையார் தமது மளிகைக் கடையை மூடினார். கடன் கொடுத்தே கடை நடத்தியவர்; கொடுத்த கடன் திரும்பி வரவில்லை. கடைசி நாள் மாலை, காலியான அலமாரிகளைத் துடைத்துவிட்டு, "நமக்காவது வேறு வேலை கிடைக்கும். இந்த எலிகள்தான் பாவம், இந்த வயதில் எங்கே போய்ப் பிழைக்கும்?" என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கோ கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வீடே கவலையில் மூழ்கியிருக்கும்போது விளையாட்டுப் பேச்சு என்ன வேண்டியிருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த வாரம் நூலக வகுப்பில், என் வாடிய முகத்தைப் பார்த்தோ என்னவோ, சிஸ்டர் அவர்கள் ஓர் ஆங்கில நூலை என் கையில் கொடுத்தார்கள். லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' என்ற நூல் அது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் படித்து முடித்தேன். பிறகு அந்த வரிசையிலுள்ள மற்ற நூல்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். அவற்றில் வரும் ஒரு தந்தையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அவரை அறிந்த பிறகுதான் என் தந்தையை நான் அறிந்தேன்.

பிள்ளைகள் 'பா' என்று அழைக்கும் அந்தத் தந்தை கற்பனை மனிதர் அல்லர். சார்லஸ் இங்கல்ஸ் என்பது அவர் பெயர். 1836ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். 1860இல் கரோலின் என்ற ஆசிரியையை மணந்தார். மேரி, லாரா, கேரி, கிரேஸ் என்று நான்கு பெண்மக்கள். இடையில் ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பிரெய்ரி என்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடக்கும் புல்வெளி. மரம் அரிது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லும் வானமுமே. 1862இல் இயற்றப்பட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலத்தைப் பதிவு செய்து, ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் அந்நிலம் சொந்தமாகும். பதினான்கு டாலரைப் பணயமாக வைத்து அரசாங்கத்தோடு பந்தயம் கட்டியிருப்பதாகவும், ஐந்து வருடம் அந்த மண்ணில் வாழ்ந்து காட்டினால் ஜெயித்தவர் தாமே என்றும் அவர் தம் பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். அவர் வாழ்க்கை முழுவதுமே அத்தகைய பந்தயம்தான். பெரும்பாலும் தோற்றவர் அவரே!

அவர் செய்யாத வேலை இல்லை. காட்டில் வேட்டையாடினார். மரம் வெட்டித் தம் கையாலேயே வீடு கட்டினார். உழுதார், விதைத்தார். தச்சு வேலை செய்தார். ஓரிடத்தில் இறைச்சிக் கடை வைத்தார். இன்னோரிடத்தில் ஹோட்டல் வேலைக்கு உதவினார். இருப்புப் பாதை போடுமிடத்தில் கணக்கு எழுதினார். இரவானால் பிடிலை எடுத்துக்கொண்டு கணப்பின் அருகே உட்காருவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஏழ்மை இருந்த இடம் தெரியாது.

சிறு உருவம் படைத்த லாராவுக்கு அவர் வைத்த செல்லப் பெயரை நம் வழக்கில் சொன்னால் 'ஆழாக்கு' எனலாம். தலைமயிரைக் குத்திட்டு நிற்கச் செய்து, நான்கு காலில் தவழ்ந்து, வெறிநாயைப்போல் உறுமிக்கொண்டு பிள்ளைகளைத் துரத்துவார். தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதில் அவருக்கு நிகரில்லை. ஒரு முறை தோல் விற்கப் பட்டணம் போய் இருட்டியபின் காட்டு வழியே திரும்பும்போது எதிரில் ஒரு கரடி நின்றதாம். கையில் துப்பாக்கி இல்லை. கத்தினார், அது அசையவில்லை. கடைசியில் தடியை ஓங்கிக்கொண்டு பாய்ந்து அதன் தலையில் ஓர் அடி போட்டார். கரடி அப்போதும் அசையவில்லை. எப்படி அசையும்? அது கருகிப்போன மரக்கட்டை!

1874இல் இக்குடும்பம் மின்னசோட்டா மாநிலத்தில் வால்நட் குரோவ் என்ற ஊரருகே குடியேறியது. அவ்வூர்க் கோயிலுக்கு மணி வாங்கப் பணம் சேர்த்தபோது, புதிய பூட்ஸ் வாங்க வைத்திருந்த மூன்று டாலரை அவர் கொடுத்துவிட்டதாக நூலில் வருகிறது. அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஆனால் அறுவடைக்கு முன்னரே வானத்தை மறைத்துக்கொண்டு வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தது. விளைந்து நின்ற கோதுமை கண்முன்னே அழிந்தது. ஒட்டுப்போட்ட அதே பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு, வெட்டுக்கிளி வராத கிழக்குப் பகுதிக்கு நூற்றுக்கணக்கான மைல் நடந்து சென்று, பிறர் வயலில் கூலிக்கு அறுத்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்.

மற்றொரு முறை, கிறிஸ்துமஸை ஒட்டிப் பனிப்புயலில் வழி தவறி, ஓர் ஓடைக்கரையின் பள்ளத்தில் விழுந்து, மூன்று நாள் பனிக்குள் புதைந்து கிடந்தார். பிள்ளைகளுக்காக வாங்கிய மிட்டாய்களைத் தின்று உயிர் பிழைத்தார். புயல் ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால், எதிரிலேயே தம் வீடு! செத்துப் பிழைத்து வந்தவர், மிட்டாயைத் தாமே தின்றுவிட்டதற்காகப் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்தார்.

அன்புத் தங்கைகளே, இந்தக் கதைகளோடு நான் நிறுத்திக்கொண்டால் அது முழு உண்மையாகாது. லாரா தம் முதல் நூலை வெளியிட்டது 1932இல். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. தந்தை சொன்ன கதைகள் தம்மோடு அழிந்துவிடக் கூடாதே என்று எழுதத் தொடங்கியவர், வலித்த சிலவற்றை எழுதாமல் விட்டுவிட்டார். 1875இல் பிறந்த ஒரே ஆண் குழந்தை பத்தே மாதத்தில் இறந்துபோனது. 1876இல் பிழைப்புத் தேடி அயோவா மாநிலத்துக்குப் போன குடும்பம், அங்கே வாடகை கட்ட வழியின்றி, இரவோடு இரவாக வண்டி கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பியது. லாராவின் தன்வரலாறு 2014இல் விரிவான குறிப்புகளுடன் அச்சில் வந்தபோதுதான் இவை பரவலாகத் தெரிந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1869இல் கான்சாஸில் அவர் வீடு கட்டிய நிலம், ஓசேஜ் என்ற பழங்குடி மக்களுக்கு உரியது. இவரைப்போல் அங்கே புகுந்த குடியேறிகளின் நெருக்குதலால் அம்மக்கள் தங்கள் மண்ணை விட்டுப் போக நேர்ந்தது. அவர்களைப் பற்றி இந்நூல்களில் இருக்கும் சில சொற்கள் படிப்பவர் மனத்தைப் புண்படுத்துபவை. அதனால்தான் லாராவின் பெயரால் வழங்கிவந்த ஒரு பரிசின் பெயரை அமெரிக்க நூலகர்கள் 2018இல் மாற்றினர். நல்ல தந்தையும் பிறருக்குத் தீங்கான ஒன்றில் பங்கு கொண்டிருக்கலாம். இதை மறைக்கவும் கூடாது. இதனால் அவருடைய அன்பு பொய்யாகிவிடும் என்று நினைக்கவும் கூடாது.

1879இல் மூத்த மகள் மேரி நோயினால் பார்வை இழந்தாள். அப்போது அவளுக்கு வயது பதினான்கு. தந்தை லாராவை அழைத்து, இனி அக்காவுக்குக் கண்ணாக நீதான் இருக்க வேண்டும் என்றார். அன்று முதல் பார்ப்பதையெல்லாம் சொல்லாக்கி அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள் லாரா. அவள் எழுத்தாளரானது அந்தப் பயிற்சியால்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1881இல் மேரி அயோவா மாநிலத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தாள். அவளுக்கு வேண்டிய மற்றச் செலவுகளுக்காகக் குடும்பமே உழைத்தது. லாரா பதினாறு வயதிலேயே ஆசிரியை வேலைக்குப் போனாள்.

அக்குடும்பம் கடைசியாகக் குடியேறியது டகோட்டாவில் உள்ள டி ஸ்மெட் என்ற ஊர். இயேசு சபையைச் சேர்ந்த பியர் டி ஸ்மெட் அடிகளாரின் நினைவாக அமைந்த பெயர் அது. அங்கேதான் 1880-81ஆம் ஆண்டின் கொடிய குளிர்காலம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கியது. ரயில் நின்றது; நிலக்கரி தீர்ந்தது. வைக்கோலைக் கட்டை போல முறுக்கி எரித்தார்கள். காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். ஓர் இரவு பிடிலை எடுத்தார் தந்தை. குளிரில் விறைத்து வீங்கியிருந்த விரல்கள் வளையவில்லை. பிடிலை மெல்லப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் நான் அழுதுவிட்டேன். அவருடைய சிரிப்பும் இசையும் தாமாகப் பொங்கி வந்தவை என்று அதுவரை எண்ணியிருந்தேன். அவையும் உழைப்புத்தான், வயலில் உழைத்துக் களைத்த பிறகு வீட்டுக்காகச் செய்த இன்னோர் உழைப்பு என்பது அப்போதுதான் புரிந்தது. மே மாதம் ரயில் வந்தது. கிறிஸ்துமஸ் பரிசுகளும் அப்போதுதான் வந்து சேர்ந்தன. விரல்களைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மீண்டும் வாசித்தார் அவர்.

1886இல் அவருடைய 160 ஏக்கர் அவருக்கே சொந்தமாயிற்று. பந்தயத்தில் ஒருமுறை வென்றுவிட்டார்! ஆனால் அந்த மண் வாழவிடவில்லை. மறு ஆண்டே பட்டணத்தில் வீடு கட்டிக் குடிபெயர்ந்து, தச்சு வேலை போன்றவற்றால் பிழைத்தார். 1894இல் மிசௌரிக்குப் போய்விட்ட லாரா, தந்தை மரணப் படுக்கையில் இருக்கிறார் என்று அறிந்து ரயிலேறி வந்து பார்த்தார். 1902 ஜூன் 8ஆம் நாள், அறுபத்தாறு வயதில் அவர் காலமானார். அவரை ஓட்டாண்டியாக்கிய அந்த வெட்டுக்கிளி இனமும் கடைசியாக உயிரோடு காணப்பட்டது அதே 1902ஆம் ஆண்டில்தான். வெட்டுக்கிளி அழிந்தது, பிடில் அழியவில்லை. அது லாராவிடம் வந்து சேர்ந்து, இன்று மிசௌரியில் அவர் வாழ்ந்த இல்லத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி என் தந்தை. கடையை மூடிய சில வாரங்களில் அவர் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். ஒரு நாள் இரவு சட்டையெல்லாம் தவிடாக வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பேச்சு வரவில்லை, களைப்பு. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "அப்பா, நம்ம கடை எலிகள் எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "அரிசி மில்லுக்குத்தான். எனக்கு முன்னாலேயே வேலையில் சேர்ந்துவிட்டன. அதுகளுக்குச் சம்பளமும் அதிகம்!" என்றார். இருவரும் சிரித்தோம். உள்ளேயிருந்து அம்மா, "இந்த நேரத்தில் என்ன சிரிப்பு?" என்று கேட்டுக்கொண்டே வந்து அவரும் உட்கார்ந்தார்.

என் தந்தை இன்று இல்லை. கடையில் அவர் வைத்திருந்த பித்தளைத் தராசு என் வீட்டில் இருக்கிறது. கடன் கொடுத்தே கடையை இழந்தவர் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த மில் வேலையில்தான் நான் படித்து ஆளானேன் என்பதையும் மறக்கவில்லை.

தங்கைகளே, இன்று மாலை உங்கள் தந்தையார் களைத்து வந்து ஏதேனும் வேடிக்கையாகச் சொன்னால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் சிரித்துவிடுங்கள்.