இருபத்தெட்டு நிமிடத்தில் ஏழு மலை

கோடை விடுமுறைக்கு மலை ஏறும் குடும்பங்களுக்கு முதல் நாள் கணக்கில் சேராத நாள். போய்ச் சேர்ந்த பிறகுதான் பயணம் ஆரம்பம் என்று எல்லோருக்கும் நினைப்பு. வேலூரைத் தாண்டி வடக்கே திரும்பும் கார்களில் இது நன்றாகவே தெரியும். ஓட்டுகிறவரின் மனதில் தரிசன டிக்கெட்டில் அச்சிட்ட நேரம். பின் சீட்டில் பாட்டியின் மடியில் புளியோதரைத் தூக்கு. குழந்தைகளுக்கு ஒரே கேள்வி: "மலை எப்பப்பா வரும்?"

சித்தூரிலேயே மலை ஆரம்பித்துவிட்டதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சித்தூர் தமிழர்களுக்கு அந்நிய ஊரும் அல்ல. 1911இல் தனி மாவட்டம் ஆகும் வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே அதுதான். கடைப் பலகைகள் தெலுங்கில் இருந்தாலும் கல்லாவில் இருப்பவர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே தமிழுக்கு மாறிவிடுவார். ஊரைத் தாண்டியதும் இரு பக்கமும் மாந்தோப்புகள். நம் கிளிமூக்கு மாங்காய்க்கு இங்கே தோத்தாபுரி என்று பெயர். அதில் பெரும் பங்கு மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிறது. கொஞ்சம் விலகினால் காணிப்பாக்கம். அங்கே பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் பயப்படுகிறவர்கள் உண்டு.

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். திருப்பதி வருவதற்குச் சற்று முன்னால், விஜயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்றான சந்திரகிரி. கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பக்கத்து ஸ்ரீநிவாசமங்காபுரம் வழியே ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில்தான் அவர் சென்றார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. இப்போது அதில் 2,388 படிகள்.

மலையடிவாரத்தில் இருப்பது அலிபிரி. வைணவர்களின் பழைய பெயர் அடிப்புளி. இங்கே ஒரு புளியமரத்தடியில் திருமலை நம்பியிடம் ராமானுஜர் ஓராண்டு ராமாயணம் கேட்டார் என்கிறது மரபு. மலைக்குக் கீழேயே ஓராண்டு! இன்று அதே அலிபிரியில் கார்களுக்கு நேரம் குறித்த சீட்டு கொடுக்கிறார்கள். மேலே ஏற 28 நிமிடமாவது ஆக வேண்டும். இறங்க 40 நிமிடம். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அபராதம். தாமதமாக வந்தால் தண்டனை என்பது நமக்குப் பழக்கம். சீக்கிரம் வந்ததற்குத் தண்டனை என்றால் ஓட்டுகிறவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது.

இந்த நிமிடக் கணக்கு 1944க்கு முன் யாருக்கும் தேவைப்படவில்லை. நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள்; முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். தெலுங்கில் மோகாள்ள மெட்டு என்றும் தமிழில் முழங்கால் முறிச்சான் என்றும் பெயர் வாங்கிய ஏற்றத்தில் தூக்குகிறவர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1944 ஏப்ரலில் முதல் மலைப்பாதை திறந்தது. அதன் திட்டத்தில் பொறியாளர் விசுவேசுவரய்யாவுக்குப் பங்கு உண்டு. முப்பது வருடம் அந்த ஒரே பாதையில்தான் ஏற்றமும் இறக்கமும். 1974இல் இரண்டாவது பாதை வந்தபின் புதியதில் ஏறுகிறார்கள், பழையதில் இறங்குகிறார்கள்.

அந்தப் பாதையோரத்தில்தான் இந்த மலையின் பெரிய அதிசயம் இருக்கிறது. சாலைக்காக வெட்டிய பாறையில் கீழே மிகப் பழைய கிரானைட். மேலே அதைவிட இளைய குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே சுமார் 50 கோடி ஆண்டு இடைவெளி என்பது புவியியலாளர்களின் மதிப்பு. அவ்வளவு காலத்தில் இங்கே நிகழ்ந்ததற்குச் சாட்சி சொல்லப் பாறை எதுவும் மிஞ்சவில்லை; எல்லாம் அரித்துப் போய்விட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. காரில் போகிறவர்களுக்கு அது ஒரு வளைவு, அவ்வளவுதான்.

பாறைக்கும் அவசரம் வருவதுண்டு. 2021 டிசம்பர் 1 அன்று, பெருமழைக்குப் பின், ராட்சதப் பாறைகள் உருண்டு இரண்டாவது மலைப்பாதையை உடைத்தன. பழுதுபார்க்கும் வரை 1944இல் போட்ட கிழட்டுப் பாதையே மறுபடி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தோள் கொடுத்தது.

கண்ணாடிக்கு வெளியே இன்னொன்றும் ஓடுகிறது: காடு. சேஷாசலக் காடு. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில்தான். சீனா வரை அதற்குக் கிராக்கி. 2015 ஏப்ரல் 7 அன்று இந்தக் காட்டில், சந்திரகிரிக்கு அருகே, 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பலர் திருவண்ணாமலை மாவட்டத்து மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். அவர்களும் ஒரு கோடையில் மலையை நோக்கிக் கிளம்பியவர்கள்தான். ஊரில் கிடைக்காத கூலி இந்த மலையில் கிடைக்கும் என்று வந்தவர்கள். மரம் யாருக்காக வெட்டப்பட்டதோ அந்தப் பெரிய முதலாளிகள் யாரும் அன்று காட்டில் இல்லை.

இதையெல்லாம் விடுமுறையின் முதல் நாளில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் கேட்கலாம். குழந்தைகளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. பாறையைக் காட்டலாம். செம்மரத்தைக் காட்டலாம். அதை வெட்டுவதற்கு ஏழைகளை அனுப்புகிறவர்கள் உண்டு என்ற வரைக்குமாவது சொல்லலாம். மேலே போனால் வரிசை, கூண்டு, முடி காணிக்கை, லட்டு என்று நேரம் பறந்துவிடும். அங்கே யாரும் எதையும் நின்று பார்ப்பதில்லை. கருவறை முன்னாலேயே சில விநாடிதான்.

பார்க்க நேரம் கிடைப்பது வழியில் மட்டுமே. விபத்தைத் தடுக்கப் போட்ட விதி, பயணிகளுக்கு வேறு ஒரு நன்மையும் செய்திருக்கிறது. சுமார் 18 கிலோமீட்டருக்கு 28 நிமிடம் என்றால் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. மரத்தையும் பாறையையும் பிரித்தறிய அந்த வேகம் போதும். ஏறும்போது தவறவிட்டவர்களுக்கு இறங்கும்போது இன்னும் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது.