ஃபார்மட் போடுவதற்கு முன்

கணினி பூட் ஆகவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனால், பெரும்பாலும் முதல் பதிலே ‘ஃபார்மட் போடணும்’ என்பதுதான். வடசென்னையில் எர்ணாவூர் மேம்பாலத்தை ஒட்டிய தெருவில் உள்ள சின்ன சர்வீஸ் கடை ஒன்றில் அந்தச் சொல் கடைசியாகத்தான் வரும் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். கடை நடத்துபவர் ரிச்சி தெருவில் ஆறேழு வருடம் வேலை பார்த்துப் பழகியவர். உதவிக்கு ஒரு பெண் இருக்கிறார். சுனாமி குடியிருப்பிலிருந்து வருகிறார், டிப்ளமோ முடித்தவர், கடைக்காரரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறார். வாசலில் கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் மேசையும் சேர்ந்து அதிர்கிறது.

இங்கே கடல் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். திரையே வராத மெஷின் வந்தால், அந்தப் பெண் முதலில் ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கிறார். உப்புக் காற்றால் படிந்த அழுக்கு போனதும் சில மெஷின்கள் அப்படியே எழுந்துவிடுகின்றன. எழுந்தும் விண்டோஸ் வராமல் கருப்புத் திரையில் நின்றால்தான் கட்டளைகளுக்கு வேலை.

நான் இருந்தபோது ஒரு கல்லூரி மாணவர் அக்காவின் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவான இயங்குதளம் அது. படம் ஏற்ற இடம் வேண்டும் என்று மாணவர் லினக்ஸ் இருந்த பகுதியை அழித்து, அந்த இடத்தைப் பக்கத்து டிரைவோடு சேர்த்துவிட்டார். மறுநாள் ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்ற வரியும், அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்பதும் மட்டும் வந்து நின்றன. வேறொரு கடையில் எல்லாம் போய்விட்டது, ஃபார்மட் போடணும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எதுவும் போகவில்லை. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் கணினியைத் துவக்கி வைக்கும் நிரலுக்கு, 64 பைட் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு, மீதி இரண்டு பைட் அடையாளக் குறிக்கு. லினக்ஸ் நிறுவும்போது அதன் துவக்கியான கிரப் தன் முனையை அந்த 446 பைட்டுக்குள்ளும் அதை அடுத்த காலி செக்டர்களிலும் வைக்கும். மிச்ச உடம்பு லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும். பகுதியை அழித்தால் உடம்பு போய்விடும், முனை மட்டும் தங்கி, இல்லாத இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும். விண்டோஸும் அக்காவின் கல்யாணப் படங்களும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தன.

பகுதியின் எண் மட்டும் மாறியிருந்தால், அந்தக் கருப்புத் திரையிலேயே ‘எல்எஸ்’ என்று அடித்து ஒவ்வொரு பகுதியாகப் பார்த்து, கிரப்புக்குச் சரியான இடத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். இங்கே லினக்ஸே இல்லை. அதனால் விண்டோஸ் 7 இருந்த பென் டிரைவில் துவக்கி, ரிப்பேர் பக்கத்தில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்தார்கள். முதலில் ‘டிஸ்க்பார்ட்’ போட்டு, விண்டோஸ் துவங்கும் பகுதி ‘ஆக்டிவ்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு ‘பூட்ரெக்’ கட்டளை, அதோடு ‘ஃபிக்ஸ்-எம்பிஆர்’. அது அந்த 446 பைட்டை மட்டும் மாற்றி எழுதுகிறது, அட்டவணையைத் தொடுவதில்லை. மாணவர் டீ குடித்து முடிப்பதற்குள் விண்டோஸ் வந்துவிட்டது. இதற்காக ஒரு குடும்பத்தின் படங்களை அழிக்கச் சொன்ன கடையை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எல்லாமே இவ்வளவு எளிதில் முடிவதில்லை. லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றிலிருந்து வந்திருந்த டெஸ்க்டாப், விண்டோஸ் சின்னம் வரை வந்து மறுபடி மறுபடி அணைந்தது. உள்ளே டேலி கணக்கு. ‘செக்டிஸ்க்’ ஓட்டலாமே என்று கேட்டேன். கடைக்காரர் தலையசைத்து மறுத்தார். “சாகப்போற டிஸ்க்குல எழுதக் கூடாது சார். செக்டிஸ்க் சரி பண்றேன்னு எழுதிட்டே இருக்கும். உள்ள இன்னா இருக்குன்னு மொதல்ல வெளிய எடுக்கணும்.” லினக்ஸ் பென் டிரைவில் துவக்கி ‘ஸ்மார்ட்சிடிஎல்’ போட்டார். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பேடு திரையில் விரிந்தது. படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தபோது ஏறியிருந்தது.

அடுத்து ‘டிடி-ரெஸ்க்யூ’. அன்டோனியோ டயஸ் டயஸ் என்பவர் எழுதி, குனு திட்டத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கும் கருவி. நல்ல பகுதிகளை முதலில் விரைவாக நகலெடுத்துவிட்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பி வரும். எதுவரை வந்தோம் என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றி அடித்தால், வெறும் டிஸ்க் கணக்கு டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். என்டர் தட்டுமுன் கடைக்காரர் கையை எடுத்துவிட்டு, “பாத்து சொல்லும்மா” என்றார். அந்தப் பெண் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீரியல் எண்ணை வாய்விட்டுப் படித்தார், கடைக்காரர் திரையோடு ஒப்பிட்டார். இந்தத் தொழிலில் நான் பார்த்த மிகப் பெரிய திறமை இந்த நிதானம்தான். ராத்திரி முழுக்க ஓடி, காலையில் டேலி ஃபோல்டர் முழுசாக நகலில் திறந்தது. ஃபார்மட் போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் கிடைத்திருக்கும் காசுக்கு மேல் இதற்குப் பெரிதாகக் கிடைப்பதில்லை. வாடிக்கையாளர் கண்ணில் இரண்டும் ‘கம்ப்யூட்டர் சரி பண்ணினது’தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த வாரங்களில் வந்த மெஷின்களில் போர்டைக் காப்பாற்றுவதைவிட டிஸ்க்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே இருப்பதை எடுப்பதுதான் வேலையாக இருந்ததாம். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் அதில்தான் என்று வந்து நின்றிருக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களும் இந்தக் கருப்புத் திரைக்கு வந்தே தீர வேண்டியிருந்தது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பழுதான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்கள் தடுமாறின. மருந்து, ஒரு கோப்பை அழிப்பதுதான். ஆனால் பெரும்பாலான கணினிகளுக்கு முன்னால் ஒரு ஆள் போய் உட்கார்ந்துதான் அதைச் செய்ய வேண்டியிருந்தது. அப்போதும் பல இடங்களில் வேலையைத் தாமதப்படுத்தியது விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பிட்லாக்கர் என்ற பூட்டு.

எர்ணாவூர்க் கடையின் இப்போதைய கவலையும் அதுதான். புது மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டின் 48 இலக்க மீட்பு எண் இல்லாவிட்டால் டிடி-ரெஸ்க்யூ எடுத்துத் தரும் நகலும் படிக்க முடியாத குப்பைதான். எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் கணக்கைத் திறந்து கொடுத்தது விற்ற கடை, பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி மறுபடி அறிவிக்கப்பட்டபோது எனக்கு முதலில் தோன்றியதும் இந்த எண்தான். கொடுக்கும் நாளிலேயே மாணவர் இதைத் தன் கையால் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கடையில் இப்போது, நல்ல நிலையில் திரும்பிப் போகும் மெஷினிலும் அந்தப் பெண் ‘மேனேஜ்-பிடிஇ’ கட்டளை போட்டுப் பார்க்கிறார். பூட்டு இருந்தால் எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் கொடுக்கிறார். அதற்குக் காசு வாங்குவதில்லை.