முகவரி

தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பற்றிய நாடகமொன்றை மேடையேற்ற ஹட்டன் நகருக்குச் சென்றிருந்தோம். ஒளியமைப்பு என் பொறுப்பு. மாலை ஆறு மணிக்கு நாடகம். காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தபோதுதான் சங்கடம் விளங்கிற்று. மேடைக்கு மேலே பதினான்கு விளக்குகள் தொங்கின. அவற்றின் இலக்கங்களைக் குறித்த தாள் எங்குமில்லை. பூட்டியவர் இருக்குமிடமும் எவருக்கும் தெரியவில்லை.

இக்காலத்து மேடைவிளக்குகள் ஒரே கம்பித் தொடரில் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். 1986ஆம் ஆண்டு அமெரிக்க நாடகத் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்த டி.எம்.எக்ஸ். 512 என்னும் முறை இது. கட்டுப்பாட்டுப் பலகை 512 வழிகளில் ஓயாது கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டளையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் அளவு. எல்லாக் கட்டளைகளும் எல்லா விளக்குகளையும் கடந்து செல்லும். விளக்கோ தனக்கென அமைந்த இலக்கத்தில் தொடங்குவதை மாத்திரமே ஏற்கும். அவ்விலக்கமே அதன் முகவரி.

கைக்கெட்டும் விளக்காயின், அதன் பின்புறத்துச் சிறு திரையிலோ ஒன்பது விசைகளிலோ முகவரியை வாசித்துவிடலாம். விசைகளின் மதிப்பு 1, 2, 4, 8 என இரட்டித்து 256 வரை செல்லும். போட்டிருக்கும் விசைகளின் மதிப்பைக் கூட்டினால் முகவரி கிடைக்கும். ஆனால் மண்டபத்திலிருந்த ஏணி நடுவில் இரு படிகளை இழந்திருந்தது.

ஆகவே கீழிருந்தே தேடினோம். எங்களுக்கு உதவ ஒரு தோட்டத்து இளைஞன் வந்திருந்தான். மாசி மாதத்தில் தன் தோட்டத்துக் காமன் கூத்துக்கு வெளிச்சம் கட்டுபவன் அவன். அவன் மேடை நடுவே அண்ணாந்து நிற்க, நான் பலகையருகே அமர்ந்தேன். 1 முதல் 256 வரையுள்ள வழிகளை ஏற்றினேன். இடக்கோடி விளக்கு எரிந்தது. 128 வரை மட்டும் ஏற்றினேன். எரியவில்லை. அப்படியாயின் விடை 128க்கு மேல். இவ்வாறு பாதியைப் பாதியாக்கிச் சென்றால், ஒன்பது கேள்விகளில் எந்த முகவரியும் அகப்பட்டுவிடும். ஐந்தாவது விளக்குக்குள் அவன் முறையைப் பிடித்துக்கொண்டான். நான் வாய் திறக்குமுன் அடுத்த இலக்கத்தை அவனே சொன்னான்.

இரண்டு விளக்குகள் ஒரே முகவரியில் சேர்ந்தே எரிந்தன. மூன்று எரியவே மறுத்தன. ஒளியளவுக்கு ஒரு வழியும் நிறங்களுக்கு வேறு வழிகளும் கொண்டவை அவை. ஒன்றை மட்டும் ஏற்றினால் இருண்டே கிடக்கும். எல்லா வழிகளையும் ஏற்றிவைத்து, பின் ஒவ்வொன்றாக இறக்கினோம். எதை இறக்கியதும் விளக்கு முழுதாக அணைந்ததோ அதுவே ஒளியளவின் வழி. மூன்றரை மணிக்குள் பதினான்கும் அகப்பட்டன.

நாடகம் முடிந்தபின், புகைப்படங்களை அனுப்ப அவனுடைய முகவரியைக் கேட்டேன். தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் சொல்லி நிறுத்திக்கொண்டான்.

“வீட்டு இலக்கம்?”

“எங்க லயத்துக்கு நம்பர் கெடையாதுங்கண்ணே. கடுதாசி ஆபீசுக்குத்தான் வரும். போன வருசம் வேலைக்குக் கூப்பிட்டு ஒரு கடுதாசி வந்துச்சு. கையில கெடைச்சப்ப தேதி போயி நாலு நாளாச்சு.”

அதை அவன் முறைப்பாடாகச் சொல்லவில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. நாடற்றிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. ஆயினும் குடிமகனுக்கு எழுதும் கடிதத்தின் உறைமீது எழுத ஒரு வாசலிலக்கம் வேண்டுமே! பல தோட்டங்களில் இன்றும் அது இல்லை. ஒரே பெயருடைய இருவரில் ஒருவரின் கடிதம் மற்றவரிடம் போய்ச் சேர்கிறது. பறித்த கொழுந்தை நாள்தோறும் நிறுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே கிலோக் கணக்கு எழுதத் தெரிந்த தோட்டங்களுக்கு, லயத்து வாசல்களை எண்ணி இலக்கமிடத் தெரியாதா?

புறப்படுமுன் பதினான்கு விளக்குகளின் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதி மண்டபத்துச் சுவரில் ஒட்டினோம். எழுதியவன் அவன்தான். புகைப்படங்களை நான் தபாலில் இடவில்லை. அடுத்த மாதம் அவ்வழியே சென்ற நண்பரொருவர் கையில் கொடுத்தனுப்பினேன்.