பாற்பல்லின் பாடம்

நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. நன்றிக்கு உவமையாக நாயைக் காட்டும் நமது மொழி, இழிவுக்கு உவமையாகவும் அதனையே காட்டுகின்றது. புகழ்ச்சிக்கும் வசைக்கும் இடையே நாயை உள்ளவாறு அறிந்துகொள்ளும் முயற்சிக்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் இடமிருப்பதில்லை. குட்டியொன்று வீட்டுக்கு வருகின்றது, அதற்குப் பெயரிடுகின்றார்கள், எஞ்சிய சோற்றை இடுகின்றார்கள், ஒருநாள் அது கடித்துவிடுகின்றது. அன்று அதற்கு அடி விழும்; அன்றேல் சாக்கொன்றிற் கட்டப்பட்டு, தொலைவிலுள்ள சந்தையடியில் அது விடப்படும். அத்தகைய முடிவிலிருந்து மயிரிழையில் தப்பிய ஒரு குட்டியின் கதையும், அதனை வளர்த்த வீட்டார் கற்றுக்கொண்ட பாடமும் ஈண்டுக் கூறப்படுகின்றன.

வடமராட்சியிலே, பனைகள் செறிந்த ஒழுங்கையொன்றின் முடிவில் அமைந்திருந்தது அவ்வீடு. அம்மம்மா, தாய், பதினேழு வயதான மூத்த மகன், பன்னிரண்டு வயதான இளையவன், நான்கு வயதுக் கடைக்குட்டி ஆகிய ஐவர் அங்கு வாழ்ந்தனர். தந்தை கொழும்பிலே தொழில் பார்த்தமையால் மாதத்துக்கு ஒருமுறையே வந்து போவார். அயல்வளவிலிருந்த விறகுக் கொட்டிலிற் கட்டாக்காலி நாயொன்று ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. பிரதான வீதியில் லொறியொன்றில் அடிபட்டு அது இறந்துபோக, குட்டிகளை ஊரார் ஆளுக்கொன்றாய் எடுத்துச் சென்றனர். இளையவன் தன் பங்குக்குக் கறுப்புக் குட்டியொன்றைச் சேட்டுக்குள் பொதிந்து கொண்டுவந்தான். அப்பொழுது அதற்கு நான்கு வாரந்தான் இருக்கும். 'கறுப்பன்' என்று பெயர் வைத்தான். போத்தலிற் பால் ஊட்டினான். இரவில் அது அழுதபோது தமையனின் பழைய சாரமொன்றை விரித்து அருகே கிடத்திக்கொண்டான்.

எட்டாம் வாரமளவிற் கறுப்பனின் வாய் வீட்டாருக்குப் பெருந்தொல்லையாயிற்று. நடப்பவரின் குதிக்காலைக் கௌவுவதும், பாவாடைக் கரையைப் பற்றி இழுப்பதும், நீட்டிய கையையெல்லாம் வாய்க்குள் வாங்கிக் குதப்புவதும் அதன் அன்றாட அலுவல்களாயின. வீட்டார் ஒவ்வொருவரும் இதற்கு ஒவ்வொரு விதமாய் மறுமொழி கூறினர். மூத்தவன் வெறுங்கையால் அதன் முகத்தைத் தள்ளி மற்போர் விளையாடினான். கை கீறுப்படும்போது சிரித்தான். அம்மம்மா விளக்குமாற்றை எடுத்தார். தாய் அடுக்களையிலிருந்து உரத்துக் கத்தினார். கடைக்குட்டி வீரிட்டபடி ஓட, ஓடுவதையெல்லாம் துரத்தும் இயல்புடைய குட்டி அவளைப் பின்தொடர்ந்தது. ஒரே செயலுக்கு ஒருவரிடம் சிரிப்பும், மற்றொருவரிடம் அடியும், இன்னொருவரிடம் ஓட்டமும் பரிசாகக் கிடைத்தால், பேசத் தெரியாத அவ்வுயிர் எதனைத்தான் விளங்கிக்கொள்ளும்? ஆயின் அவ்வினாவை அன்று எவரும் எழுப்பவில்லை.

ஒருநாள் மாலை, விறாந்தைக் குந்தின் அருகே கறுப்பன் உறங்கிக்கொண்டிருந்தது. பாண் துண்டைக் கையில் வைத்திருந்த கடைக்குட்டி, அன்பு மேலிட்டு அதன் மேற் கவிழ்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். திடுக்குற்று விழித்த குட்டி அவளின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. ஊசிமுனை பட்டாற்போல் நான்கு துளைகள். அவற்றிலிருந்து குருதி கசிந்தது. அம்மம்மா ஓடிவந்து காயத்திற் கோப்பித்தூளை அப்பினார். பிறகு இளையவனைப் பார்த்து, "மோனை, இண்டைக்கே உதைக் கொண்டுபோய்ச் சந்தையடியில விட்டிட்டு வா. பிள்ளையைக் கடிச்சது இனி இந்த வளவுக்குள்ள நிக்கக்கூடாது" என்றார். இளையவன் எதுவும் பேசவில்லை. கறுப்பனைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குச் சென்று கிணற்றுக்கட்டிலே அமர்ந்துவிட்டான்.

குட்டியைக் காத்தது வீட்டார் எதிர்பாராத ஓரிடமாகும். தாய் குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றபோது, வைத்தியர் முதலிற் கேட்டது, "சவர்க்காரம் போட்டுக் கழுவினீங்களோ?" என்பதே. கோப்பித்தூள் வைத்ததாகத் தாய் தயங்கித் தயங்கிக் கூறினார். அத்தூள் அகற்றப்பட்டு, ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் காயம் கழுவப்பட்டது. தடுப்பூசி ஏற்றப்பட்டது, அடுத்த ஊசிகளுக்குரிய நாள்களும் துண்டொன்றிற் குறிக்கப்பட்டன. குட்டியைக் கொண்டுபோய் விடப்போவதாகத் தாய் சொன்னபோது வைத்தியர் தடுத்தார். "அம்மா, அதை ஒரு இடமும் விட்டிடாதேங்கோ. கட்டி வைச்சு, சாப்பிடுதோ, தண்ணி குடிக்குதோ எண்டு நாளாந்தம் பாருங்கோ. அது துலைஞ்சுபோனால் அதுக்கு வருத்தம் இருந்ததோ இல்லையோ எண்டு ஆருக்கும் தெரியாது."

இவ்வெச்சரிக்கையின் கனத்தை உணர, விசர்நாய்க்கடி நோயின் தன்மையை நினைவுகூர்தல் வேண்டும். அந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் ஒருவரைக் காப்பாற்றுதல் ஏறத்தாழ இயலாததொன்று. தோன்றுமுன் தடுத்தலோ கைகூடும். 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், விசர் நாயாற் கடியுண்ட யோசேப்பு மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது, அவன் பிழைத்தான். அன்று திறந்த வழி இன்று உலகெங்கும் உள்ளது. எனினும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. மனிதரைத் தொற்றுவனவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்களாலேயே நேர்கின்றது. விசர் உடையனவென ஐயுறப்படும் விலங்குகளாற் கடிபடுவோருள் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர். குட்டிதானே கடித்தது என்று வாளாவிருத்தல் ஆகாது என்பதற்கு இவையே போதிய சான்றுகள்.

விறாந்தைத் தூணிலே கறுப்பன் கட்டப்பட்டது. சோற்றுக் கோப்பையைத் தடியொன்றால் அதன் முன்னே தள்ளிவிட்டு, அது உண்கின்றதா என்று இளையவன் எட்டி நின்று பார்த்தான். அம்மம்மாவோ காலண்டரிலே நாள்தோறும் கரிக்கோடு கீறிவந்தார். ஊசிக்குரிய நாள்களில் மூத்தவனே தங்கையைச் சைக்கிளில் ஏற்றிச் சென்றான். ஊசி இறங்கும்போது அவள் தமையனின் பெருவிரலை இறுகப் பற்றிக்கொள்வாள். திரும்பும் வழியில், "அண்ணா, கறுப்பனுக்கு என்னிலை கோபமோ?" என்று ஒருமுறை கேட்டாள். அவனுக்கு விடை தெரியவில்லை. வைத்தியர் குறித்த நாள்கள் கழிந்தன; கறுப்பன் முன்போலவே உண்டது, குடித்தது, வாலை ஆட்டியது. பேரச்சம் நீங்கியது. ஆனால், கடிக்கும் வாயோடு அதனை இனி என்ன செய்வதென்ற வினா நீங்கவில்லை.

மூன்றாம் மாதம், தடுப்பூசி ஏற்றுவதற்காக இளையவன் அதனை மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றான். கடைக்குட்டி கேட்ட கேள்விக்குரிய விடை அங்கேதான் கிடைத்தது. நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரமளவில் முளைக்கத் தொடங்கும் பாற்பற்கள் இருபத்தெட்டு. தாடைக்கு வலுவில்லாத பருவத்தில் அப்பற்கள் மாத்திரம் ஊசிபோற் கூர்மையாய் அமைந்திருப்பது ஒருவகையில் நன்மைக்கே. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, பல் ஆழப்பதிந்தால் கடிபட்டது கீச்சிட்டு விளையாட்டை விட்டு விலகிவிடும். பால் குடிக்கும்போது வலித்தால் தாயும் எழுந்து போய்விடும். பெருங்காயம் எதுவும் நேராமலே, 'இவ்வளவு அழுத்தினால் வலிக்கும். வலித்தால் விளையாட்டு முடிந்துவிடும்' என்ற அறிவு குட்டிக்கு வாய்க்கின்றது. ஸ்கொட், புல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, பிற உயிர்களோடு பழகக் கற்பதற்கு மூன்றாம் வாரம் முதற் பன்னிரண்டாம் வாரம் வரையான காலமே நாய்க்குச் சிறந்ததெனக் காட்டியுள்ளனர். நான்கு வாரத்திலே தாயையும் உடன்பிறந்தனவற்றையும் இழந்த கறுப்பனுக்கு, அப்பள்ளிக்கூடம் தொடங்கியவுடனேயே மூடப்பட்டுவிட்டது. அதற்குக் கோபமென ஒன்றும் இருக்கவில்லை. தன் பல்லின் வலிமையை அது அறிந்திருக்கவில்லை.

"தம்பி, கடியாதை எண்டு பழக்கிறதுக்கு முதல், மெள்ளமாக் கடி எண்டு பழக்கவேணும். இனி நீங்கள்தான் அதுக்குக் கூடப்பிறந்ததுகள்" என்றார் மிருக வைத்தியர். அவர் கூறிய முறை எளியது. பல் வலிக்கப் பதிந்தவுடன் 'ஆ' என்று ஒருமுறை குரலெழுப்ப வேண்டும். கையை வெடுக்கென இழுத்தால் அதுவே விளையாட்டாகிவிடுமாதலால், கையை அசையாது விட்டுக் குட்டி வாயைத் தளர்த்தியதும் எழுந்து விலக வேண்டும். அரை நிமிடம் அதனைப் பாராது நின்று, மீண்டும் வந்து விளையாடலாம். அழுத்தம் குறையக் குறைய, மெல்லிய கடிக்கும் அவ்வாறே விலக வேண்டும். ஈற்றிலே தோலிற் பல் பட்டாலே விளையாட்டு நின்றுவிடும் என்பதைக் குட்டி உணரும். பல் மாறும் பருவத்தில் ஈறு தினவெடுக்குமாதலால், கடிப்பதற்கு உரிய பொருளொன்றை எப்போதும் கொடுத்து வைத்தல் வேண்டும். அடித்தலோ, மூக்கிற் குட்டுதலோ, வாயைப் பொத்திப் பிடித்தலோ கூடாது. உறுமும்போது அடித்தால் நாய் உறுமலைத்தான் விடும், கடியை விடாது. எச்சரியாமற் கடிக்கும் நாய் அவ்வாறே உருவாகின்றது. இவையனைத்தையும் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரிச் செய்தல் வேண்டும் என்பதே இறுதியானதும் அரியதுமான விதியாகும்.

அவ்விதியே மிகக் கடினமாயிற்று. இளையவன் பழைய சாரத்தைக் கிழித்து, முறுக்கி, மூன்று முடிச்சிட்டு நீரில் நனைத்துக் கொடுத்தான். கறுப்பன் அதனோடு மணிக்கணக்காய்ப் போராடியது. அம்மம்மாவிடம் இருந்த விளக்குமாற்றை வாங்கிக் கோடிப்புறத்தில் வைத்தான். தாய் கத்துவதை நிறுத்தப் பழகினார். மூத்தவனோ இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் மாலை மீண்டும் வெறுங்கையோடு மற்போர் தொடங்கினான். இளையவன் அழாக்குறையாய்ச் சண்டையிட்டும் அவன் கேட்கவில்லை. குந்திலே இருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்குட்டி, "அண்ணா, உங்களுக்கும் ஊசி போடுவினம்" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. மூத்தவனின் கை நின்றது. அன்றுமுதல் அவன் கையிற் சாரத்துண்டு இன்றிக் குட்டியோடு விளையாடியதில்லை.

கடைக்குட்டிக்கும் பாடங்கள் இருந்தன. உறங்கும் நாயையும் உண்ணும் நாயையும் தொடலாகாது. அது துள்ளிவந்தால் ஓடாமல், கைகளைக் கட்டி மரம்போல் நிற்க வேண்டும். மரமாய் நிற்பது அவளுக்குப் பிடித்த விளையாட்டாயிற்று. எனினும், பெரியவர் ஒருவர் அருகில் இல்லாதபோது அவளையும் நாயையும் தனியே விடுவதில்லை என்று தாய் முடிவு செய்தார். எவ்வளவு பழகிய நாயாயினும் அதற்கும் அச்சமும் வலியும் உண்டு என்பதைத் தாய் மறக்கவில்லை.

வாரங்கள் சென்றன. மாற்றம் ஒரேநாளில் வரவில்லை. சில நாள்களில் முன்னேறியது பின்னடைந்ததும் உண்டு. ஐந்தாம் மாதமளவிலே ஓரிரவு, மின்சாரம் தடைப்பட்டு வீடு இருண்டிருந்தது. தாயின் கையைப் பிடித்து நடந்து வந்த கடைக்குட்டி, வாயிற்படியில் உறங்கிய கறுப்பனின் வாலை மிதித்துவிட்டாள். இருளிற் குட்டியின் வாய் அவளது கணுக்காலைப் பற்றியது. தாயின் மூச்சு நின்றது. மறுகணமே வாய் திறந்துகொண்டது. விளக்கேற்றிப் பார்த்தபோது, காலில் எச்சில் ஈரம் இருந்தது; கீறல் ஒன்றுமில்லை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். வளைக்கும் கை எத்தகையதாய் இருக்க வேண்டும் என்பதைப்பற்றி அப்பழமொழி எதுவும் சொல்வதில்லை. ஒருவர் கை அடித்து, மற்றொருவர் கை சீண்டும் வீட்டிலே, குட்டி கைகளுக்கு அஞ்சவோ கைகளோடு பொருதவோ மட்டுமே கற்கும். எல்லாக் கைகளும் ஒரு சொற்படி நடந்த வீட்டில், அது தன் பல்லைத் தானே அடக்கக் கற்றது.

சில நாள்களின் பின், சாரத்து முடிச்சொன்றிலே சிறு பல்லொன்று சிக்கியிருப்பதைக் கடைக்குட்டி கண்டெடுத்தாள். அதனை உள்ளங்கையில் வைத்து அம்மம்மாவிடம் காட்டினாள். பிள்ளைகளுக்குப் பாற்பல் விழுந்தாற் கூரையில் எறிவது அவ்வீட்டு வழக்கம். அம்மம்மா அப்பல்லைச் சிறிதுநேரம் பார்த்தார். பின்னர் முற்றத்துக்கு இறங்கி, வேறெதுவும் கூறாது, அதனைக் கூரைமேல் எறிந்தார்.