பக்கத்துத் தெருதானே!

புதுவை நகரம் சிறியது. தெருக்கள் நேர்நேராக ஓடி ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை. ஆதலால் கடற்கரையிலிருந்து முல்லா வீதி வரை எந்த இடமும் நமக்குப் 'பக்கத்துத் தெரு'தான். அந்தச் சொல்லே நமது குடும்பத்தை ஒருநாள் கலங்க வைத்தது.

2019-ஆம் ஆண்டு ரமளான் மாதம். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வழங்கும் நேரம். தங்கை மகனுக்கு அப்போது வயது பதினாறு. "மாமா, சாவி கொடுங்கள், வண்டியில் போய் நொடியில் வந்துவிடுகிறேன்" என்றான். நாமும் கொடுத்தோம். தலைக்கவசம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தர நமக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது, கைப்பிடியில் மாட்டியிருந்த தூக்குவாளி ஆடி முழங்காலில் இடிக்க, தெருமுனையில் வண்டி சரிந்தது. வாய்க்கால் ஓரக் கல்லில் அவன் தலை மோதியது. பெயரைக்கூடச் சொல்லாத ஆட்டோக்காரர் ஒருவர் அவனை அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தார். பதினோரு நாட்களுக்குப் பின் வீடு திரும்பினான், அல்ஹம்துலில்லாஹ்.

பெருநாளன்று நெய்ச்சோற்று மணத்தில் வீடே நிறைந்திருந்தது. அவன் மட்டும், "இன்னும் சமையல் ஆகவில்லையா, மாமா?" என்று கேட்டான். தலையில் பலத்த அடிபட்டால் மணமறியும் நரம்புகள் அறுபடக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். அந்தப் புலன் அவனுக்கு இன்றளவும் திரும்பவில்லை.

அவ்வாண்டு பிப்ரவரியில்தான் தலைக்கவசம் நம் ஊரில் பெரும் பூசலாயிற்று. துணைநிலை ஆளுநராயிருந்த கிரண் பேடி, தாமே வீதிக்கு வந்து அதை வலியுறுத்தினார். முதலமைச்சராயிருந்த நாராயணசாமியோ, முதலில் விழிப்புணர்வு, பிறகே கட்டாயம் என்றார். ஆளுநர் மாளிகை முன்னே தர்ணாவிலும் அமர்ந்தார். நாமும் தேநீர்க் கடையில் இருந்துகொண்டு எவர் பக்கம் நியாயம் என்று வாதாடினோம். நம் வீட்டு ஆணியில் தொங்கியதை மட்டும் மறந்தோம். 2025 ஜனவரி 12 முதல் புதுவையில் அது மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது.

உண்மையில் சட்டம் புதிதன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, ஓட்டுபவரோடு பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. நான்கு வயதைக் கடந்த பிள்ளைகளும் அணிய வேண்டும். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு அதிலேயே விலக்கு உண்டு. ஜும்ஆவுக்கு நாம் அணிந்து செல்லும் தொப்பிக்கு விலக்கு இல்லை. 2019 திருத்தத்தின்படி மீறினால் 1000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமம் முடக்கம்.

பதினாறு வயது நிறைந்தவர் உரிமம் பெற்று 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம். மற்ற வண்டிகளுக்குப் பதினெட்டு நிறைய வேண்டும். வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டியின் உடைமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். இப்பிரிவு 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது, நம்மைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்குக்கு உள்ளாக்கலாகாது என்றும் அத்திருத்தம் சொல்கிறது. நமது ஆட்டோக்காரரை நினைத்துக்கொண்டோம்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி வண்டியைக் கிளப்புவோர் நம்மில் பலர். ஒட்டகத்தைக் கட்டிய பின்பே தவக்குல் வைக்கச் சொன்னது நபிமொழி அன்றோ? தலைக்கவசத்தின் வாரை மாட்டுவதும் அவ்வாறு கட்டுவதே. வாரை மாட்டாத கவசம் விழும்போது தலையை விட்டுக் கழன்றுவிடும்.

இப்போது நம் வீட்டில் வண்டிச் சாவியை அந்த ஆணியில்தான் மாட்டுகிறோம். அதன்மேல் தலைக்கவசம் தொங்குகிறது. அதை எடுக்காமல் சாவியை எடுக்க இயலாது. ரமளானில் தூக்குவாளியை நாமே நடந்து சென்று நிரப்பி வருகிறோம். பத்து நிமிடம்தான் ஆகிறது. பக்கத்துத் தெருதானே!