பைசா வாற வழி

நாஞ்சில் நாட்டில் வயல் வாங்கப் போகிறவர் எடுத்த எடுப்பில் விலை கேட்கமாட்டார். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகமும் சேர்த்து வருஷத்துக்குப் பாட்டம், அதாவது குத்தகை, என்ன தேறும், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் அந்த மடை வரைக்கும் வந்து சேருமா என்று விசாரித்த பிறகுதான் விலைப் பேச்சு. கேட்கமாட்டார் என்பதைவிடக் கேட்கமாட்டார்கள் ஒரு காலத்தில் என்று சொல்வதே சரி. இப்போது சாலையோர வயலை வாங்குகிறவர் கணக்கில் பாட்டமே வருவதில்லை. பிளாட் போட்டால் சென்ட் என்ன விலை போகும் என்பது மட்டும்தான். எனக்குப் பங்குக் கணக்கு சொல்லித்தந்த அண்ணாச்சி பழைய வகை ஆள். பங்கையும் பாட்டம் பார்த்தே வாங்குவார்.

நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஆயுசுக்கும் கிளார்க்காக இருந்தவர். வடசேரியில் வீடு. நான் கோட்டாற்றில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். பேரேடும் டேலியும் தெரியும், பங்குச் சந்தை என்றால் டிவியில் சிவப்பும் பச்சையுமாக ஓடும் எழுத்து என்ற அளவில்தான். அப்பாவின் ஓய்வுப் பணம் ஃபிக்சட் டெபாசிட்டில் கிடந்தது. 2012 வாக்கில் ஒன்பது சதவீதத்தை ஒட்டி வட்டி தந்த டெபாசிட், 2020-இல் பெரிய வங்கிகளில் ஐந்தரைக்கும் கீழே வந்துவிட்டது. மருந்துக் கடை பில் மட்டும் அப்படி இறங்கவில்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கூடிக்கொண்டே வரும் வருமானம் ஏதாவது உண்டா என்று கேட்கத்தான் அவரிடம் போனேன்.

"டிவிடெண்ட் கூட்டித் தாற கம்பெனி உண்டு. ஆனா எல்லாவனும் நல்ல பைசாவிலயிருந்து தாறதில்ல, கேட்டியா" என்றார். "சம்பாதிச்ச பைசாவா, வித்த பைசாவா, கடன் வாங்கின பைசாவா, அதப் பாக்கப் படி. மத்ததெல்லாம் பெறவு."

முதல் வேலையாக ஓர் ஆண்டறிக்கையைக் கையில் தந்து பின்னாலிருந்து படிக்கச் சொன்னார். சேர்மன் கடிதமும் வண்ணப் படங்களும் அவருக்கு ஆகாது. முதலில் தணிக்கையாளர் அறிக்கை, அப்புறம் உறவுக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் பற்றிய குறிப்பு, அதற்கப்புறம் கேஷ் ஃப்ளோ. லாப நட்டக் கணக்கு கடைசியில். "லாபம் எழுதுற சங்கதி, ரொக்கம் எண்ணுற சங்கதி" என்பார்.

எழுத ஒரு நீள நோட்டு. ஒரு கம்பெனிக்கு ஒரு பக்கம், ஒரு வருஷத்துக்கு ஒரு வரி, பத்து வருஷம். கட்டங்கள் இப்படி: ஒரு பங்குக்கு லாபம், வழக்கமான டிவிடெண்ட், ஸ்பெஷல் டிவிடெண்ட், தொழிலில் வந்த ரொக்கம், இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் போனது, கடன். போனஸோ பங்குப் பிளவோ வந்திருந்தால் பழைய வரிகளை எல்லாம் அதற்கேற்ப வகுத்துத் திருத்த வேண்டும். டிசிஎஸ் 2004-இல் 850 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு, 2006, 2009, 2018 என்று மூன்று தடவை ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்ததில் எட்டாகிவிட்டது. திருத்தாமல் விட்டால் அந்த 850 உண்மையில் 106 ரூபாய் 25 பைசா என்பதே தெரியாமல் போகும். தொழிலில் வந்த ரொக்கத்தில் இயந்திரச் செலவைக் கழித்து மிஞ்சுவது, மூன்று வருஷம் தொடர்ந்து டிவிடெண்டைவிடக் குறைவாக இருந்தால் பக்கத்தின் மூலையை மடித்துவிடுவார். மடித்த பக்கத்தைத் திறப்பது அபூர்வம்.

நான் முழுசாக எழுதிய முதல் பக்கம் ஐடிசி. 2018-19-இல் டிவிடெண்ட் 5.75. அடுத்த வருஷம் 10.15. அதற்கடுத்து 10.75, 11.50. பார்த்த கண்ணுக்கு இதைவிட நல்ல வளர்ச்சி எங்கே கிடைக்கும்? அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை லாபக் கட்டத்தில் வைத்து மெல்லக் கீழே இறக்கினார். 10.19, 12.33, 10.59, 12.22. டிவிடெண்ட் ஏறின வேகம் லாபத்தில் இல்லை. 2020-21-இல் ஒரு பங்குக்குச் சம்பாதித்தது 10.59, கொடுத்தது 10.75. சம்பாதித்ததற்கும் மேலே கொடுத்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். டிவிடெண்ட் கொடுக்கும் கம்பெனி கட்டிவந்த விநியோக வரி 2020 ஏப்ரலோடு போய், வாங்குகிறவர் தலையில் வருமான வரியாக விழுந்தது. அதே வருஷம் ஐடிசி, லாபத்தில் 80 முதல் 85 சதவீதம் வரை பங்குதாரர்களுக்கே தருவது என்று கொள்கை வகுத்தது. முன்பு பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதாவது டிவிடெண்ட் வளர்ந்ததில் பெரும்பங்கு, அளக்கும் படியை மாற்றியதால் வந்தது. 2019-20-இல் லாபம் 12.33-க்குத் தாவியதிலும் 2019 செப்டம்பரில் அரசு கம்பெனி வரியைக் குறைத்ததற்குப் பங்கு உண்டு. இரண்டுமே ஒரு தடவை மட்டும் நடக்கிற காரியம். 85 சதவீதம் கொடுத்தாயிற்று என்றால் இனி டிவிடெண்ட் கூடுவதற்கு ஒரே வழிதான் பாக்கி, லாபம் கூட வேண்டும்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. 2022-23-இல் மொத்தம் 15.50, அடுத்த வருஷம் 13.75. குறைத்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் 15.50-இல் 2.75 ஸ்பெஷல். அதைத் தனிக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டால் 12.75, 13.75, அதற்கடுத்து 14.35 என்று வரிசை ஒழுங்காகப் போகிறது, லாபமும் கூடவே வருகிறது. ஸ்பெஷலுக்குத் தனிக் கட்டம் எதற்கு என்று நான் கேட்கவேண்டிய அவசியம் அதோடு தீர்ந்தது.

வேதாந்தா பக்கம் எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை. 300 ரூபாயை ஒட்டி நின்ற பங்குக்கு 2022-23-இல் மட்டும் 101.50 டிவிடெண்ட். அடுத்த வருஷம் 29.50. லண்டனில் இருக்கும் தாய்க் கம்பெனிக்குப் பெரிய கடன் இருந்தது, பணம் மேலே போக வேண்டியிருந்தது. மூலை மடிந்தது.

எம்ஆர்எஃப் விஷயத்தில் ஊர்ப்பாசம் குறுக்கே வந்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் வைத்திருப்பவர்களுக்கு டயர் கம்பெனி என்றால் ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். அதன் கதையும் இந்த மண்ணைத் தொட்டது. இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, 1938-இல் டிராவன்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடப்பட்டு, அதை நடத்திய கே.சி. மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார். அவர் மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்ஆர்எஃப். 2023 ஜூனில் அதன் ஒரு பங்கு லட்சம் ரூபாயைத் தொட்டது.

டிவிடெண்ட்? 2022-23-க்கு மூன்று, மறுபடி மூன்று, கடைசியில் 169, ஆக 175 ரூபாய். அந்த வருஷ லாபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வெளியே வந்தது, மிச்சம் தொழிலுக்கே போனது. கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அண்ணாச்சி என்னை ஒரு கணக்குப் போடச் சொன்னார். வருஷத்துக்கு 15 சதவீதம் தவறாமல் டிவிடெண்ட் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். இருபது வருஷம் கழித்து 2,800 ரூபாய். இன்று போட்ட லட்சத்துக்கு, இருபது வருஷம் பொறுத்தும், மூன்று சதவீதம்கூட இல்லை. "உங்கப்பாவுக்கு வயசென்ன?" என்று மட்டும் கேட்டார்.

விலைக்கு அவர் வைத்திருக்கும் அளவு எளிது. ஒரு பங்கின் விலைக்கு டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்று பத்து வருஷத்துக்கும் எழுதிப் பார்ப்பார். அந்தப் பங்கு தன் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தரும் விலைக்கு இறங்கினால்தான் வாங்குவது. 2020-21-இல் ஐடிசி 200 ரூபாய்ப் பக்கம் கிடந்தபோது அது ஐந்து சதவீதத்துக்கு மேலே. 450-க்கு ஏறியபோது மூன்று. அதே சிகரெட்டு, அதே பிஸ்கட்டு. 200-இல் ஊரெல்லாம் அதைக் கிண்டலடித்தது, 450-இல் எல்லோரும் வாங்கச் சொன்னார்கள். காத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை என்று புத்தகத்தில் படித்தால் சுலபமாக இருக்கிறது. மாதக்கணக்கில் நோட்டை மட்டும் எழுதிக்கொண்டு ஒன்றும் வாங்காமல் இருப்பது எனக்கு எளிதாக வரவில்லை, இன்னும் வரவில்லை.

வங்கிப் பங்குகளை மட்டும் நம்பி வீட்டுச் செலவை ஓட்டக்கூடாது என்பதற்கு 2020-ஐக் காட்டுவார். கொரோனா வந்ததும் அந்த ஏப்ரலில், மார்ச்சோடு முடிந்த நிதியாண்டின் லாபத்திலிருந்து டிவிடெண்ட் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லிவிட்டது. நல்ல வங்கி, மோசமான வங்கி என்று பேதமில்லை.

அப்பா பேரில் வாங்கியதற்கு வரி வேலையையும் நானே பார்க்கிறேன். ஒரு கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போனால் பத்து சதவீதம் பிடித்துவந்தார்கள். 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 10,000. வரி கட்டவேண்டிய அளவு வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் அதற்குரிய படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். வங்கிக் கணக்கு எண் மாறியதைச் சொல்லாமல் விட்டால் டிவிடெண்ட் எங்கேயோ போய்த் தேங்கும். ஏழு வருஷம் தொடர்ந்து கேட்பாரில்லாமல் கிடந்தால் பணம் மட்டுமல்ல, பங்கே அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், அலைய வேண்டும். துணிப்பெட்டியில் தாத்தா காலத்துக் காகிதப் பங்குகளை வைத்துக்கொண்டு அண்ணாச்சியைத் தேடி வருகிறவர்களை அவர் வீட்டு முன்னறையில் அடிக்கடி பார்க்கலாம்.

ஒரே ஒரு பக்கத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கோல் இந்தியா. 2015-16-இல் 27.40 கொடுத்தது; பிறகு 19.90, 16.50, 13.10, 12 என்று வருஷா வருஷம் இறங்கியது. இதற்குப் பேர் வளர்ச்சியா என்பார். பெரும்பான்மைப் பங்கு அரசு கையில், பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் டிவிடெண்ட் கேட்பார்கள், நமக்கு வருவது அதன் சிந்தல் என்பது அவர் கட்சி. நான் அடுத்த வரிகளைக் காட்டுவேன். 16, 17, 24.25, 25.50. 2020-இல் 120 ரூபாய்ப் பக்கம் கிடைத்த பங்கு அது. அந்த விலைக்கு வாங்கியவருக்கு வருஷத்துக்கு இருபது சதவீதம் திரும்பி வருகிறது. வளர்ச்சிப் பங்கு என்று நானும் சொல்லவில்லை, விலை சரியாக இருந்தது என்கிறேன். "நிலக்கரி விலை இறங்கட்டும், அப்பப் பேசுவோம்" என்கிறார். அவர் நோட்டில் அந்தப் பக்கத்தின் மூலை மடிந்திருக்கிறது. என் நோட்டில் மடிக்கவில்லை, அடுத்த வருஷத்து வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.